முப்பத்தாறு எழுத்து நம்பர்

அந்த அட்டையைக் கொஞ்சம் பைக்குள்ள வைங்க சார். வேற ஒண்ணுமில்ல, அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. கண்ணாஸ்பத்திரி அட்டைதான? முன் சீட்டுல கண்ணுல பச்சைத் துணி கட்டிக்கிட்டு உக்காந்திருக்காவளே, அவங்க உங்க வீட்டம்மாவா? நேத்து ஆபரேஷனா? நல்லபடியா ஆகட்டும். டாக்டர்மாருங்க கெட்டிக்காரங்க, அதுல சந்தேகமே வேண்டாம். நான் குறை சொல்லுதது டாக்டரை இல்ல. அட்டையை.

நீங்களே பாருங்களேன். உங்க வீட்டம்மா பேர் எங்க இருக்கு? அடியில, பொடி எழுத்துல. மேல கொட்டை எழுத்துல என்ன இருக்கு? நம்பர். நம்பரா சார் இது? நடுவுல ஏ வருது, எஃப் வருது, கோடு வருது, சைபர் வருது. பூனை டைப்ரைட்டர் மேல ஏறி நடந்த மாதிரி. கோட்டையும் சேத்து எண்ணினா முப்பத்தாறு. நான் எண்ணியிருக்கேன்.

அந்த ஆஸ்பத்திரியில முப்பத்திரண்டு வருஷம் பதிவுப் பிரிவு சூப்பிரண்டா இருந்தவன் நான். பேச்சிமுத்து. சு. பேச்சிமுத்து. நீங்க வாசல்ல நுழைஞ்சதும் பெரிய கவுண்டர் ஒண்ணு இருக்கே, அதுக்குப் பின்னால கண்ணாடி ரூம், அது என் ரூம். இப்ப அதுல தண்ணி சுத்தம் பண்ணுத மெஷினை வச்சிருக்காங்க. வச்சுக்கட்டும்.

நீங்க சங்கரன்கோவிலா? நான் அதுக்கு முன்னாலேயே நொச்சிப்பட்டி விலக்குல இறங்கிருவேன். சொந்த ஊர். அங்க ஒரு சோலி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சோலி இருக்கு.

என் காலத்துல எல்லாம் பேரேடுதான் சார். இவ்வளவு தண்டி. பேர், தகப்பன் பேர், பிறந்த தேதி, ஊர். முப்பத்திரண்டு வருஷத்துல வந்த ஒருத்தன் பேரும் எனக்கு மறந்ததில்ல. மறக்காது. ஒரு தடவை பாத்தா போதும். ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தா ஓரத்துல பென்சில்ல ஒரு குறிப்பு போட்டுக்குவேன். எங்க ஊரையே எடுத்துக்கோங்க. பேச்சியம்மன் கோயில் ஊரு. வீட்டுல மூத்தது ஆணா பிறந்தா பேச்சிமுத்து, வேற பேர் வச்சா அம்மன் கோவிச்சுக்கும். என் வகுப்புலயே மூணு பேச்சிமுத்து. சட்டைப் பையில எப்பவும் பேனா வச்சிருப்பேன், அதனால நான் பேனா பேச்சி. இன்னொருத்தன் பின்னால லாரி ஓட்டப் போனான், அவன் லாரி பேச்சி. மூணாவது ஆள் காட்டுல கடலை விதைச்சான், கடலை பேச்சி. ஊருக்குள்ள ஒரு குழப்பமும் கிடையாது. என் பேரேட்டுலயும் கிடையாது. ஓரத்துல பென்சில்ல 'லாரி', 'கடலை'. முடிஞ்சது கதை.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வரணும்னு பெரிய டாக்டருக்கு ஒரு ஆசை. நாகர்கோவில்லேர்ந்து ஒரு கம்பெனியைக் கூட்டியாந்தாரு. கம்பெனின்னா என்ன, ஒரே ஒரு பொண்ணு. ஜெபரூபின்னு பேரு. இருபத்தெட்டு வயசு இருக்கும். மடியில ஒரு பெட்டி, காதுல ஒரு வயரு. வந்த அன்னைக்கே என் ரூம்ல என் எதுத்தாப்புல உக்காந்து, "சார், நீங்க இப்ப எப்படிப் பதியிறீங்கன்னு சொல்லுங்க, நான் அதை மாடலா எழுதணும்"னு கேட்டுச்சு.

மாடலாம். ஃப்ரேம்வொர்க்னு ஒண்ணு இருக்காம் சார், வீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிற மாதிரி ரெடியா நிக்குமாம், நாம கலவையை ஊத்த வேண்டியதுதானாம். நோயாளி ஒருத்தருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாவி. பிரைமரி கீயாம். அந்தச் சாவியை வச்சுத்தான் மத்த எல்லாம் ஆளைக் கண்டுபிடிக்குமாம், மருந்து, ஆபரேஷன், தானமா வார கண்ணுக்காகக் காத்திருக்கிற வரிசை, எல்லாம்.

"சரி, அந்தச் சாவியை யாரு போடுதது?"ன்னு கேட்டேன்.

"யாரும் போட வேண்டாம் சார். நாம எதுவும் சொல்லலைன்னா அதுவே போட்டுக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒண்ணாம் நம்பர் யாருக்கும்மா, பெரிய டாக்டர் மாமியாருக்கான்னு கேட்டேன். அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா, வெளிய இருக்கிறவன் அட்டையைப் பாத்தே நமக்கு எத்தனை நோயாளின்னு கணக்குப் போட்டுருவானே, அடுத்த நம்பர் என்னன்னு எவன் வேணும்னாலும் சொல்லிருவானேன்னேன். அது நியாயமான கேள்விதான? அந்தப் புள்ளையும் "நல்ல கேள்வி சார்"னு சொல்லிச்சு. எனக்கு அப்பவே தெரியும், நமக்கு ஐஸ் வைக்கிதுன்னு.

"அப்போ வேற வழி இருக்கு சார்"ன்னு ஒரு தாள்ல இந்தச் சனியனை எழுதிக் காட்டிச்சு. முப்பத்தாறு எழுத்து. இதையும் மெஷினே குடுக்குமாம், எப்படின்னா, குருட்டாம்போக்குல உருட்டி எடுக்குமாம். உலகத்துல ரெண்டு பேருக்கு ஒண்ணா வராதாம்.

"உலகத்துல உள்ளவனுக்கெல்லாம் நாம எதுக்கும்மா நம்பர் குடுக்கணும்? நம்ம வாசல்ல வாரவனுக்குக் குடுத்தாப் பத்தாதா? இதுல என்ன அர்த்தம் இருக்கு? பேர் இருக்கா, ஊர் இருக்கா?"

அதுக்கு அந்தப் புள்ள சொன்னதைக் கேளுங்க சார். "அர்த்தம் இருக்கக் கூடாது சார். சாவியில அர்த்தம் வச்சா, ஒரு நாள் அது மாறும். இல்லாட்டி ஒருத்தருக்கு இருக்கிறது இன்னொருத்தருக்கும் வந்துரும்."

அர்த்தம் இருக்கக் கூடாதாம்! முப்பத்திரண்டு வருஷம் நான் எழுதின ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் இருக்கு. இது வந்து எனக்கு அர்த்தமில்லாததைப் பத்திப் பாடம் நடத்துது.

நான் ஒரு தாளை எடுத்தேன். பேர், இனிஷியல், பிறந்த தேதி, ஊர் பின்கோடு. நாலையும் சேத்து எழுதினேன். இதாம்மா சாவி. பாத்த உடனே ஆள் யாருன்னு தெரியணும். இந்த நாலும் ஒண்ணுபோல ரெண்டு பேருக்கு எப்படிம்மா வரும், சொல்லுன்னேன். அந்தப் புள்ள தாளைப் பாத்துட்டு, "உங்க பிறந்த நாள் என்னைக்கு சார்?"ன்னு கேட்டுச்சு.

ஜூன் ஒண்ணு. அதுக்கென்ன? எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எங்க அம்மா, "பொங்கலுக்கு முந்தி பிறந்தான், அன்னைக்கு எருமை கன்னு போட்டுச்சு"ன்னு சொல்லியிருக்கா. எட்மாஸ்டர் அதையா எழுதுவாரு? அஞ்சு வயசு முடிஞ்ச மாதிரி இருக்கட்டும்னு வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் ஜூன் ஒண்ணு போட்டுட்டாரு. அவருக்கு அன்னைக்கு வேற வேலை இருந்திருக்கும். இதெல்லாம் அந்தப் புள்ளைகிட்ட எதுக்குச் சொல்லணும்? ஜூன் ஒண்ணுன்னு மட்டும் சொன்னேன். பென்சில் குறிப்பைப் பத்தியும் சொல்லல. அது நம்ம கைத்தொழில். நாகர்கோவில்லேர்ந்து வந்தவங்களுக்கெல்லாம் அவுத்துக் காட்ட முடியுமா?

பெரிய டாக்டர்கிட்ட போனேன். "முப்பத்தாறு எழுத்தைக் கண்ணு தெரியாதவன் எப்படி சார் படிப்பான்?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டாரு. நீங்க சொல்ற மாதிரியே வைக்கட்டும் பேச்சிமுத்துன்னாரு. ஜெபரூபி மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்.

ஆனா லேசுப்பட்ட ஆளில்ல சார் அது. வேணும்னே ஒரு வேலை பண்ணிச்சு. ஏற்கனவே இருக்கிற சாவியோட இன்னொரு ஆளை ஏத்தினா, திரையில செவப்பு எழுத்துல ஒரு பொட்டி வந்து நிக்கும். 'இந்தப் பதிவு ஏற்கனவே உள்ளது. அதே நபரா, வேறு நபரா?'ன்னு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மறுபடி பாக்க வந்தவன் அட்டையைத் தொலைச்சுட்டு வந்தா புதுசா ஏத்தத்தான செய்வோம்? உடனே செவப்புப் பொட்டி. கவுண்டர்ல இருக்கிற பிள்ளைங்க என்னையப் பாத்துச் சிரிக்குதுங்க. நான் போட்ட சாவியைக் குத்தம் சொல்லவே வச்ச பொட்டி, வேற என்ன? எடுத்துரும்மான்னேன்.

"வேண்டாம் சார். அதை எடுத்தா ஆபத்து. அதே சாவியோட சேமிச்சா இது புது வரி எழுதாது, சத்தமே இல்லாம பழைய வரியிலயே அழிச்சு எழுதிரும்."

"அதே ஆள்தான வாரான்? எழுதட்டும்."

"வேற ஆளா இருந்தா?"

"இருக்காது."

"எழுதிக் குடுங்க சார்"ன்னுச்சு. எழுதிக் குடுத்தேன். எனக்கென்ன பயமா? தேதி போட்டு, முழுக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் குடுத்தேன். அன்னைக்கே பொட்டியை எடுத்துட்டுது. அந்தக் காகிதத்தைப் பத்திரமா வச்சிருந்திருக்கு பாருங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே கிடையாது.

டிக்கெட்டா? நான் எடுத்துட்டேன் கண்டக்டர், நொச்சிப்பட்டி விலக்கு. இந்தா இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், லாரி பேச்சி. மு. பேச்சிமுத்து. அவங்க அப்பா முத்தையா. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து எனக்குப் பக்கத்துப் பலகை. என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க என் கூட வந்தவன் அவன்தான். அவனுக்கு இடது கண்ணு சின்ன வயசுலயே போச்சு. கிட்டிப்புள்ளு விளையாடும்போது பட்டுட்டு. அடிச்சது யாரு என்னங்கிறதெல்லாம் இப்ப எதுக்கு, அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவனே அதை ஒரு நாளும் கேட்டதில்ல. ஒத்தைக் கண்ணை மறைச்சு எப்படியோ லைசென்ஸ் வாங்கி லாரி ஓட்டினவன் சார், மகா கில்லாடி.

போன வருஷம் பங்குனியில, கதிரடிக்கிற இடத்துல அந்த ஒத்தைக் கண்ணுல உமி பறந்து விழுந்துட்டு. என்னத்தையோ இலையைப் பிழிஞ்சு விட்டிருக்கான். கண்ணு பால் மாதிரி வெளுத்துட்டு. பொண்டாட்டி அன்னக்கொடி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. டாக்டர் பாத்துட்டு, கருவிழி மாத்தணும், இறந்தவங்க குடுத்த கண்ணு வந்தா வைக்கலாம், வரிசையில பேர் போடுங்கன்னாரு. நானே உக்காந்து போட்டேன். "ஏல, நான் இருக்கேன்ல, நீ வீட்டுல போய் இரு, உன் முறை வந்ததும் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும்"னேன். என் கையைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு, "நீ இருக்கும்போது எனக்கென்னல"ன்னான். அப்படியே சொன்னான் சார்.

ஒரு மாசம் கழிச்சு கடலை பேச்சி வந்தான். கண்ணுல புரை. அவனும் மு. பேச்சிமுத்துதான், அவங்க அப்பா முருகையா. ஊர்க்காரனாச்சேன்னு கவுண்டர் பிள்ளையை எந்திரிக்கச் சொல்லிட்டு அவனையும் நானே ஏத்தினேன். பேரு, இனிஷியல், ஜூன் ஒண்ணு, அறுபத்து மூணு, பின்கோடு. பட்டனை அமுக்கினேன். ஏத்திக்கிச்சு. ஒரு முணுமுணுப்பு இல்ல. எவ்வளவு சுத்தமா வேலை செய்யிது பாருன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. வலது கண்ணுல ஆபரேஷன், மறுநாள் டிஸ்சார்ஜ். கடலைக்காரன் இப்ப கண்ணாடி இல்லாம சீட்டு விளையாடுதான்.

லாரி பேச்சி ஆடி மாசம் வந்து, என்னல ஆச்சுன்னு கேட்டான். கூப்பிடுவாங்க போன்னு அனுப்பினேன். ஐப்பசியில மறுபடி வந்தான். சரி, வரிசையில எத்தனாவது ஆளுன்னு பாத்துச் சொல்லுவோமேன்னு அட்டையை வாங்கித் தட்டினேன். திரையில என்ன வருது? பேச்சிமுத்து, மு., நொச்சிப்பட்டி, வலது கண், ஆபரேஷன் முடிந்தது, டிஸ்சார்ஜ்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "ஏல, உனக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே"ன்னேன்.

"எனக்கா? எப்பல?"

"சித்திரையில. இந்தா போட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே பேனா. இருட்டாத்தான் இருக்கு."

"போட்டதைக் கசக்கித் தொலைச்சிருப்ப. சொட்டு மருந்து ஒழுங்கா விட்டிருக்க மாட்ட. தொலைச்சுட்டு இப்ப வந்து இன்னொண்ணு கேக்கியா?"

அன்னக்கொடி கூட நின்னு, அண்ணே, நாங்க ஒரு நாள் கூட இங்க படுக்கல, கத்தி படவே இல்லன்னு அழுதா. நான் என்ன செய்ய? கம்ப்யூட்டர்ல தெளிவா இருக்கு. கவுண்டர்ல முந்நூறு பேர் நிக்கான். குடிச்சுட்டு வந்து பேசாதலன்னு சொன்னது கொஞ்சம் கூடிப் போச்சு, ஒத்துக்கிடுதேன். அவன் குடிக்கிறதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. ஆனா அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருது? கடலைக்காரனை ஏத்தினதே எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாரான், எல்லாத்தையும் மண்டையிலயா வச்சிருக்க முடியும்?

அவன் அன்னக்கொடி தோளைத் தேடிப் பிடிச்சுக்கிட்டு வெளிய போனான். வாசப்படியில இடறினான். நான் எந்திரிச்சுப் போகல. வேலை இருந்துச்சு.

மாசி மாசம் அன்னக்கொடி அவனைக் கூட்டிக்கிட்டு என் ரூமைத் தாண்டி நேரா பெரிய டாக்டர் ரூமுக்குப் போயிட்டா. அவரு டார்ச்சை அடிச்சுப் பாத்துட்டு, இந்தக் கண்ணுல யாரும் கையே வைக்கலையேன்னுட்டாரு. ஜெபரூபியைக் கூப்பிட்டாங்க. பத்து நிமிஷம் சார். பழைய நகல் எதையோ தோண்டி எடுத்து, "இவர் வரி மேல அவர் வரி விழுந்திருக்கு. அன்னைக்கே வரிசையிலேர்ந்து பேர் போயிருச்சு"ன்னு சொல்லிச்சு. சாவகாசமா, சத்தமே போடாம. கூடவே என் காகிதத்தை எடுத்து மேஜையில வச்சுது. சீலோட.

அவனுக்குப் பின்னால பேர் போட்ட ஒம்பது பேருக்குக் கண்ணு வச்சு முடிஞ்சிருந்துச்சு. பதினோரு மாசம் அவன் இருட்டுல உக்காந்திருந்திருக்கான்.

இதுல என் தப்பு என்ன, நீங்க சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணு போட்டது எட்மாஸ்டர். ஒரே பேரா வச்சது ஊர்க்காரங்க. முத்தையாவும் முருகையாவும் 'மு'வுல ஆரம்பிச்சா நான் என்ன செய்ய முடியும்? அழிச்சு எழுதினது மெஷின். செவப்புப் பொட்டியை எடுத்தது அந்தப் புள்ள. நான் எடுக்கச் சொன்னேன், வாஸ்தவம். சொன்னா எடுத்துருதா? விவரம் தெரிஞ்சவ, ஒத்தைக் கால்ல நின்னு முடியாதுன்னு சொல்லியிருக்க வேண்டாமா?

பெரிய டாக்டர் ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல. "நீங்க ரெஸ்ட் எடுங்க பேச்சிமுத்து"ன்னாரு. மறு வாரமே எல்லாருக்கும் புது அட்டை. இனிமே நம்பரை மெஷினே குடுக்கட்டும், மனுஷன் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதுதான் உங்க வீட்டம்மா அட்டை.

லாரி பேச்சிக்கு முதல் ஆளா முன்னுரிமை குடுத்து, பங்குனியிலயே கண்ணு வச்சாங்க. கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு நானும் போனேன். என்னையா கூப்பிட்டாங்க? நானாத்தான் போனேன். ஒரு ஓரமா நின்னேன். டாக்டர் பஞ்சை எடுத்தாரு. விரலைக் காட்டி எத்தனைன்னாரு, மூணுன்னான். இவங்க யாருன்னு அன்னக்கொடியைக் காட்டினாரு. "இவளா? இளைச்சுட்டாளே"ன்னான். அவ அங்கேயே முகத்தைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. ஜெபரூபியைக் காட்டினாரு, அது வணக்கம்னுச்சு. அவன் அந்தப் புள்ளையைப் பாத்ததே கிடையாது சார், குரல்தான் கேட்டிருக்கான். "கம்ப்யூட்டர்ல என்னையத் தேடிக் கண்டுபிடிச்ச பொண்ணு"ன்னு கரெக்டாச் சொன்னான்.

அப்புறம் டாக்டர் என்னையக் காட்டினாரு. இவர் யாரு, சொல்லுங்கன்னாரு.

பாத்தான். நல்லாப் பாத்தான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்துட்டு, "தெரியலயே"ன்னான்.

ஆபரேஷன் சரியா ஆகல போலன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். இன்னொரு டெஸ்ட் எடுங்கன்னேன். எனக்குத் தெரிஞ்சு இதுல ஏதோ கோளாறு இருக்கு சார், எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவன் அறுபது வருஷமாப் பாத்த ஆளை எப்படி விடுவான்? டாக்டர் என் முதுகுல தட்டிட்டு வெளிய போயிட்டாரு.

அன்னையிலேர்ந்து வெள்ளிக்கிழமை தோறும் போறேன். மன்னிப்புக் கேக்கவா? நானா? நல்லாக் கேட்டீங்க. எப்படி இருக்கான்னு பாக்கணும்ல, நம்ம பதிவு பண்ணின நோயாளி. டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிப்பான். வரி விளம்பரம் வரைக்கும் பொடி எழுத்தெல்லாம் படிக்கான். போய் முன்னால நிப்பேன். பேப்பரை இறக்கி, "யாரு?"ம்பான்.

முதல் வாரம், பேச்சிமுத்துன்னு சொன்னேன்.

"அந்தப் பேர்ல இந்த ஊர்ல ஒம்பது பேர் இருக்கான். எந்தப் பேச்சிமுத்து?"

சு. பேச்சிமுத்து, ஜூன் ஒண்ணு, அறுபத்து மூணுன்னேன். டீக்கடையில உள்ளவன் பூரா சிரிக்கான்.

"அப்படியும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்களே."

ரெண்டாவது வாரம், வெக்கத்தை விட்டு, ஏல, நான்தாம்ல, பேனா பேச்சின்னேன்.

"பட்டப்பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதாமே. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க நம்பர் என்ன, சொல்லுங்க."

நீங்க, வாங்கன்னு பேசுதான் சார். அறுபது வருஷம் வாலே போலேன்னு பேசினவன். அதான் எனக்கு... சரி விடுங்க. வலிக்கத்தான் செய்யிது. வலிக்காம என்ன?

அதுக்கப்புறம் ரெண்டு வாரமும் அதே பேச்சுதான். நம்பர் என்ன? நம்பர் இருந்தாச் சொல்லுங்க, இல்லன்னா வெளிச்சத்தை மறைக்காதீங்க. இதைச் சொல்லிட்டுப் பேப்பரை மேல தூக்கிருவான்.

சரி, அவ்வளவு திமிரா உனக்குன்னு போன திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் உக்காந்த கவுண்டர் முன்னால வரிசையில நின்னேன். எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. கவுண்டர்ல புதுப் பிள்ளை, என்னைய யாருன்னே தெரியல. கண்ணுல என்ன செய்யிதுன்னு கேட்டுச்சு. ஒண்ணும் செய்யல, பதிவு மட்டும் போடுன்னேன். பேரைத் தட்டிச்சு. பட்டனை அமுக்கிச்சு. மெஷின் குடுத்துட்டு. இந்தா, இதான் என் அட்டை. பாத்தீங்களா, உங்க வீட்டம்மாவுது மாதிரியேதான், ஆனா ரெண்டும் ஒத்துப் போகாது. போகவே போகாதாம். உலகத்துலயே வேற எவனுக்கும் இது கிடையாதாம்.

நாலு நாளா மனப்பாடம் பண்ணுதேன். அட்டையைப் பாத்துப் படிச்சா அவன் ஒத்துக்கிட மாட்டான், அந்தப் பயலை எனக்குத் தெரியும். அட்டை எவன்கிட்ட வேணும்னாலும் இருக்கும்பான். பாக்காம சொல்லணும். மூஞ்சியில அடிச்ச மாதிரி கடகடன்னு சொல்லிட்டு, இப்பத் தெரியுதாலன்னு கேக்கணும்.

அந்தா, புளியமரம் தெரியுதுல்ல, அதுக்கு அடுத்ததுதான் விலக்கு. இந்த அட்டையைக் கொஞ்சம் கையில பிடிங்க சார். எனக்குக் காட்டாதீங்க. நான் சொல்லுதேன், சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. ஒம்பது, எஃப், ரெண்டு, சி, சைபர், ஏழு, ஏ, நாலு. கோடு. சரியா? பி, ஒண்ணு, மூணு, ஈ. கோடு. நாலு, எட்டு, எட்டு... எட்டா, ஆறா? பொறுங்க சார், சொல்லாதீங்க. சொல்லாதீங்க, நானே சொல்லணும். முதல்லேர்ந்து வாரேன்.